பாதி விலைப் புறாக்கள்

"ஏழு புறாவையும் நானே எடுத்துக்கிறேங்கய்யா. என்ன வெல சொல்றீங்க?"

மாடிப்படி ஏறி வந்தவன் கூண்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூண்டருகில் நின்ற நாகராசு அதைக் கவனித்தார். பந்தயப் புறா வளர்க்கிறவன் முதலில் புறாவைக் கையில் வாங்குவான். இறக்கையை விரித்துப் பார்ப்பான், கண்ணை உற்றுப் பார்ப்பான். எதையும் பார்க்காமல் மொத்தமாகக் கேட்கிறவன் கறிக்குக் கேட்கிறவன்.

"எந்த ஊரு தம்பி?"

"விராலிமலைங்க. பேரு திருப்பதி. தீவனக் கடையில நீங்க ஒட்டியிருந்த சீட்டப் பாத்தேன். ஏழும் வேணும்னு எங்க வீட்டுல சொல்லி அனுப்பிச்சா."

வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் நாகராசு. முருகன் இருக்கிற மலையடியிலிருந்தா இதற்கு வரவேண்டும்?

பந்தயப் புறா ஒன்று ஐநூறு ரூபாய். ஆனால் ஒரு வீட்டில் பழகிய புறாவுக்கு எப்போதும் பாதி விலைதான். வேறு ஊருக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் பழைய வீட்டுக்கே பறந்து வந்துவிடும் என்பதால் அந்தக் கழிவு. புதுக்கோட்டைப் புறாக்காரர்கள் குழுவில் அந்தச் சட்டத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவரே நாகராசுதான். இப்போது பாதி விலைக்கும் ஆள் இல்லை.

நேற்றுக்கூட கறம்பக்குடி ராக்கன் போனில் சிரித்தான். "அண்ணே, சும்மா குடுத்தாலும் வேணாம்ணே. இங்கிட்டு நான் கதவத் தெறந்தா, அரை மணி நேரத்துல அங்கிட்டு ஒங்க மாடியில நிக்கும். காசு எனக்கு, புறா ஒங்களுக்கா?"

"கூண்டத் தெறக்காம அடைச்சு வச்சு வளத்துக்கயேன்டா."

"பறக்குறத அடைச்சு வச்சு நான் பாவத்தச் சேக்கவா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். மனைவி அமிர்தவல்லிக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படி ஏற முடியவில்லை. முப்பதாம் தேதி இருவரும் திருச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறது. இந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

எப்படியாவது இந்த ஆளை விரட்ட வேண்டும். நாகராசு குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"பாதி வெலையெல்லாம் எங்க குழு ஆளுங்களுக்குத்தான். வெளி ஆளுக்குக் கழிவு கெடையாது. ஒண்ணு ஐநூறு."

"சரிங்கய்யா."

"ஏழுக்கும் மூவாயிரத்து ஐநூறு!"

"அதான் சரின்னுட்டேனே." திருப்பதி சட்டைப் பையிலிருந்து ஏழு ஐநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து, எண்ணாமல் அவர் கையில் வைத்தான்.

நாகராசு நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பதியோ மாடி மூலைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தான்.

"இங்க தண்ணி எந்நேரமும் வருமாங்கய்யா?"

இங்கேயே அறுத்துக் கழுவிக்கொண்டு போகப் போகிறானா? நாகராசு கூண்டுக் கதவை மறைத்தபடி நின்றார். "வரும்" என்றார் முனகலாக.

"மழை பெஞ்சா ஒழுகுமா?"

"கூண்டுக்குத் தகரம் போட்டிருக்கேன். ஒழுகாது."

திருப்பதி தலையாட்டிக்கொண்டான். 

கீழேயிருந்து அமிர்தவல்லியின் குரல் வந்தது. "யாருங்க அது? புறா வாங்க வந்தவுகளா? வெயில்ல வந்திருப்பாக, மோர் குடுங்க."

கறிக்கு வாங்குகிறவனுக்கு மோரா? ஆனாலும் அவள் சொல்லைத் தட்ட முடியவில்லை. கீழே போய் மோர் எடுத்து வந்தார். திருப்பதி நின்றபடியே குடித்தான். கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்த சாம்பல் புறா ஒன்று அவனைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. போன மாதம் இருநூறு கிலோமீட்டர் பறந்து வந்து முதலாவதாக இறங்கிய புறா அது.

அதற்குமேல் நாகராசுவால் தாங்க முடியவில்லை. நோட்டுகளை நீட்டினார். 

"தம்பி, நான் ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். கறிக்குன்னா வேணாம். எம்புட்டுத் தூரத்துல விட்டாலும் என்னைய நம்பித் திரும்பி வந்த உசுருக. இந்தக் காசு எனக்குச் செரிக்காது."

திருப்பதி திகைத்துப்போனான். "அய்யோ, கறிக்கா? நாங்க அதெல்லாம் கையால தொடமாட்டோங்கய்யா. வளக்கத்தான்."

"வளக்க முடியாது தம்பி. ஒங்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீங்க எங்க கொண்டுபோய்த் தெறந்துவிட்டாலும் இந்த மாடிக்குத்தான் வந்து நிக்கும். முப்பதாம் தேதிக்கப்புறம் இங்க எரை வைக்க நாங்க இருக்க மாட்டோம். அதனாலதான் பாதி வெலை. நீங்க முழுசாக் குடுத்தது தப்பு."

"திரும்பி வரும்னுதானே பாதி வெலை? அப்ப எனக்கு முழு வெலைதாங்கய்யா நியாயம்." திருப்பதி நோட்டுகளை அவர் சட்டைப் பையிலேயே திணித்தான்.

நாகராசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி முருகன் விட்ட வழி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டுக் கதவில் கை வைத்தார்.

"சரி, புடிச்சுத் தாரேன். கூடை கொண்டாந்திருக்கீங்களா?"

திருப்பதி சிரித்தான்.

"கூடை எதுக்குங்கய்யா? ஒண்ணாந் தேதி நாங்கதான இந்த வீட்டுக்குக் குடி வாரோம்!"