பதினாறாம் நம்பர் சீட்டு

"கோட்டு போட்டவனுக்கு மட்டும் கதவு தானாத் திறக்கறது, பாத்தியோ!" என்று பல்லைக் கடித்தார் ஜம்பு.

தரும ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை வாசலில் அவரும் மனைவி ஷ்யாமளாவும் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது மணி பதினொன்று. பதினான்காம் நம்பர்தான் உள்ளே போயிருந்தது. அதற்குள் யாரோ ஒரு குளோஸ் கோட்டுக்காரர், பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண்ணுடன் வந்தார். காவலுக்கு நின்ற பட்டாவாலா அவருக்கு ஒரு சலாம் வைத்து, நம்பர்கூடக் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டான். கூட்டத்தின் தலைகளுக்கு மேல் ஜம்புவுக்குத் தெரிந்தது கோட்டின் தோளும் காலரும்தான்.

ஷ்யாமளா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, அந்தக் கோட்டு..."

"கோட்டைப் பத்திப் பேசாதே! நேக்கு வயிறு எரியறது."

அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டு மாதமாக இப்படித்தான். சாயங்காலமானால் ஜுரம் வேறு. மார்பைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் க்ஷயமா இல்லையா என்று சொல்ல முடியும் என்று மாட்டுங்கா டாக்டர் கையை விரித்துவிட்டார். தாதரில் தனியாரிடம் எடுத்தால் இருபத்தைந்து ரூபாய். இங்கே பதினைந்து நாளைக்கு ஒரு புதன்கிழமை, ஏழைகளுக்கு இனாம். யுத்த காலம், ஃபிலிம் தட்டுப்பாடு. ஆகவே மொத்தம் பதினாறு படம்தான். ஜம்புவின் சீட்டு பதினாறு.

ஏழைக்கு இனாம் என்றால் ஏழையாக இருக்க வேண்டுமே! இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நூற்றுப்பத்து ரூபாய் வாங்கும் ஜம்பு, தோளில் கிழிசலும் முதுகில் எண்ணெய்க் கறையுமாக ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா "பகார் கித்னா?" என்று சம்பளத்தைக் கேட்டபோது, "அட்டாரா ருப்யா" என்று கூசாமல் பதினெட்டு ரூபாய்க் கணக்குச் சொல்லியிருந்தார்.

"இந்தக் கூத்துக்கு அந்த இருபத்தஞ்சைக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம். இந்நேரம் நேக்கு என்னன்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள் ஷ்யாமளா.

"கேட்டதையெல்லாம் எண்ணிக் குடுத்துண்டே இருந்தா குடும்பம் விளங்கினாப்பலதான்! வைத்தியம்னா நாலு இடம் விசாரிக்கணும். எங்கே மலிவு, எங்கே இனாம்னு கேக்கணும். நான் கேட்டேன்."

"கோட்டும் கௌரவமுமா ஆத்துலேர்ந்து கிளம்பினேள். தாராவி முனையில என்னை நிக்க வெச்சுட்டுப் போய்க் கந்தலோட வந்து நிக்கறேள். யார் சட்டைன்னா இது? நாத்தம் தாங்கலை."

"ஆபீஸ் பக்கத்துக் கோடவுன்ல மூட்டை தூக்கறானே பூதத்தான், அவனுது. மாட்டுங்காவுல இந்தக் கோலத்தோட இறங்கினா கட்டடம் மொத்தமும் கேக்காதோ? அதான் அவன் வீட்டுல போய் மாத்திண்டேன். நல்ல மனுஷன். கேட்ட உடனே போட்டுண்டிருந்ததைக் கழட்டிக் குடுத்துட்டான். எதுக்கு சாமின்னான். இடம், நாள், இனாம் எல்லாத்தையும் சொன்னேன். வாயைப் பொளந்துண்டு கேட்டான்!"

இவ்வளவு எரிச்சலிலும் அதைச் சொல்லும்போது ஜம்புவுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"பந்த்ரா!" என்று கத்தினான் பட்டாவாலா. பதினைந்தாம் நம்பர்க் கிழவர் தள்ளாடி உள்ளே போனார். ஜம்பு எழுந்து, ஷ்யாமளாவையும் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். கிழவர் வெளியே வந்ததும் சீட்டை நீட்டினார்.

"ஃபிலிம் கலாஸ். அடுத்த தடவை வா" என்று ஹிந்தியில் சொல்லிக் கதவைச் சாத்தப் போனான் பட்டாவாலா.

"எப்படி ஐயா தீரும்? பதினஞ்சுதானே ஆச்சு?"

ஒரு படம் அந்தக் கோட்டு சாஹேபின் சம்சாரத்துக்குப் போய்விட்டது என்றான் அவன், ஏதோ நியாயம் சொல்வதுபோல.

"ஏழைன்னா உங்களுக்கெல்லாம் இளக்காரமாப் போச்சா?" ஜம்பு போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. தாம் ஏழை இல்லை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. இன்னும் பதினைந்து நாள்! ஷ்யாமளா சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்காரர் வெளியே வந்தார். இரண்டே எட்டில் பாய்ந்து அவர் கையைப் பற்றினார் ஜம்பு. பற்றிய இடத்தில், முழங்கையில், ஒரு ஒட்டு இருந்தது. போன தீபாவளிக்கு முன்னால் ஷ்யாமளா உட்கார்ந்து தைத்த ஒட்டு.

"சாமி!" என்று முகம் மலர்ந்தான் பூதத்தான். "நல்ல நேரத்துல வழி சொன்னிய. இவ செண்பகவல்லி, நம்ம வீட்டுக்காரி. மூணு மாசமா இருமலு. வரிசையில நிப்போம்னுதான் வந்தேன். அந்த ஆளு சலாம் வச்சு உள்ள விட்டுட்டான்!"

"அடப்பாவி, அது என் ஷ்யாமளாவோட படம்டா! யாரைக் கேட்டு என் கோட்டைப் போட்டுண்டு வந்தே?"

பூதத்தானின் முகம் விழுந்துவிட்டது. அவசர அவசரமாகக் கோட்டின் பித்தான்களை அவிழ்த்தான். உள்ளே வெறும் மார்பு.

"வேற எதைச் சாமி போட்டுட்டு வருவேன்? எனக்கு இருக்கதே ஒரு சட்டை. அதை நீங்கல்லா போட்டிருக்கிய!"