பிய்த்தெடுத்த பொத்தான்

ஜன்னல் வெயில் அக்காவின் மடியில் கிடக்கும் வெள்ளைச் சட்டையில் விழுகிறது. மூலையில் தையல் மெஷின் இரண்டு மாதமாகப் போர்வை போர்த்திக் கிடக்கிறது. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு, இருபது வருடம் தைத்த விரல்களின் நுனி மரத்துப்போயிருக்கிறது. சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வேலை கொடுக்கத்தான், கெட்டியாக இருந்த பொத்தானைத் தம்பியே பிய்த்தெடுத்துச் சட்டையோடு நீட்டினான். எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துகிற சாக்கில் ஊசியையே பார்க்கிறான். நான்கு முறை தப்பி ஐந்தாவதில் நூலைக் கோத்துவிட்டவள் முகத்தில் பழைய தையல்காரியின் மிடுக்கு. "ஒரு பொத்தானக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு வாத்தியாரு!" ஊசி துணியைத் தாண்டி, அடியில் இருக்கும் அவள் விரலில் இறங்குகிறது. முகம் சுளிக்கவில்லை, திட்டும் நிற்கவில்லை. தம்பிக்குத்தான் சுருக்கென்கிறது. வெள்ளைத் துணியில் மிளகளவு சிவப்பு. முடி கொட்டிய தலையில் கட்டிய துணி நழுவ, அவள் குனிந்து பார்க்கிறாள். "சிவப்பு மையக் கொட்டிக்கிட்டு வந்திருக்க பாரு." அவன் பேனாவை மூடுகிறான். "ஆமாக்கா, கை தவறிடுச்சு." "சரி விடு, துவைச்சா போயிடும்" என்று அவள் அடுத்த தையலைப் போடுகிறாள். முதல் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்று மெல்லப் படர்கிறது.