மூணு பேர் சொன்னா சத்தியம்

“கதவைச் சாத்தும்மா! அதுக்குப் புழுங்கும்!” என்று மகன் போட்ட சத்தத்தில் அம்மா பதறிப்போய்ப் படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

ஹாலில் மருமகளும் மகளும் ஆளுக்கொரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் தலையணையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். முதுகெல்லாம் வேர்க்குரு. வீட்டில் இருந்த ஒரே ஏசி அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தது பேரக்குழந்தை என்றாலாவது அம்மாவுக்கு மனசு ஆறியிருக்கும். இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. கிரிப்டோ காசை யார் யாருக்கு அனுப்பினாலும் அந்தக் கணக்கையெல்லாம் சரிபார்க்கிற கம்ப்யூட்டராம், நோடு என்று பெயராம். வாங்கி வந்த நாளிலிருந்து அதற்கு மாப்பிள்ளை உபசாரம்.

“இதனால நமக்கு என்னடா வரும்?”

“ஒரு பைசா வராதும்மா. ஆனா பேங்க், மேனேஜர்னு எவனையும் நம்ப வேண்டாம். உலகம் பூரா ஆயிரக்கணக்கான வீட்டுல இதே மாதிரி பெட்டி இருக்கு. எல்லாம் ஒண்ணைச் சொல்லி, ஒரு பெட்டி மட்டும் வேற சொன்னா, அந்தப் பெட்டிதான் தப்பு.”

“எல்லாம் கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னா?” என்றாள் மகள்.

“எப்படிச் சேரும்? உங்களையே எடுத்துக்கோ. நெருப்பு சுடுமான்னு கேட்டாக்கூட மூணு பதில் வரும். நீங்க மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா, அது சத்தியம்!”

அவன் சொன்னதில் தப்பில்லை. மாமியார் கிழக்கு என்றால் மருமகள் மேற்கு. நாத்தனார் இரண்டுக்கும் குறுக்கே மூன்றாவதாக ஒரு திசை வைத்திருப்பாள்.

மறுநாள், “மூணு பேர் மூச்சு விட்டாலே ரூம் சூடாயிடும், யாரும் உள்ளே போகக் கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டு அவன் ஆபீசுக்குக் கிளம்பினான். மத்தியானம் மூவரும் காற்றுக்காக வாசல் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு ஹாலிலேயே அசந்து தூங்கினார்கள்.

சாயங்காலம் வந்தவன் அறைக்குள் போன வேகத்தில் அலறினான். “பெட்டி எங்கே?”

அம்மாவுக்குத் திக்கென்றது. மேஜையில் ஒயர் மட்டும்தான் கிடந்தது.

மருமகள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. “ஏங்க, காலையில நீங்கதானே ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனீங்க?”

அடி கெட்டிக்காரி! அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து மருமகள் செய்த முதல் உருப்படியான காரியம் இதுதான். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“ஆமாடா, எடுத்துட்டுப் போனியே. நானும் பார்த்தேன்” என்றாள் அம்மா, கூசாமல்.

“ஐயோ, நான் தொடவே இல்லம்மா!”

“அந்த நீலப் பையிலதானே அண்ணா போட்டுக்கிட்டே?” என்று மகளும் வந்து நின்றாள். “நாங்க மூணு பேர் ஒண்ணு சொல்றோம், நீ மட்டும் வேற சொல்றே. உன் கணக்குப்படி யாரு தப்பு?”

அவன் தலையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தான்.

“நான்தான் தப்பு” என்று முனகிவிட்டு, வந்த செருப்போடு ஆபீசுக்கே திரும்ப ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் மூவரும் அறைக்குள் புகுந்து ஏசியைக் கூட்டிவைத்துக் கட்டிலில் வரிசையாகப் படுத்தார்கள். அம்மாவின் முதுகு குளிர்ந்தது, மனசும் குளிர்ந்தது.

“உன்னை என்னவோன்னு நினைச்சேன்டி. மலை முழுங்கி! எங்க ஒளிச்சு வச்சிருக்கே?”

“நானா?” மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். “நீங்க எடுத்துட்டீங்க, மாட்டிக்கக் கூடாதேன்னுதானே அத்தை நான் அப்படிச் சொன்னேன்!”

இரண்டு பேரும் மகள் பக்கம் திரும்பினார்கள்.

“என்னை ஏன் பாக்குறீங்க? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொன்னதும், அண்ணன்தான் எடுத்துட்டுப் போச்சுன்னு நானே நம்பிட்டேன்!”

அம்மா மெல்லக் கேட்டாள்.

“அப்போ யாருடி எடுத்தது?”