பயனர் ஒத்திவைத்தார்

ஊரார் கணினிகளையெல்லாம் பழுது பார்ப்பவன் நான். அப்பாவின் கணினியைத் தொட மட்டும் எனக்கு மூன்று வருடமாக நேரம் வாய்க்கவில்லை.

"ஏதோ அப்டேட் போடணும்னு தினம் கேக்குதுப்பா" என்று போன் செய்வார்.

"எது கேட்டாலும் ‘பிறகு’ன்னு அமுக்குங்கப்பா. மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்" என்பேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏழு மாதம் கழித்து, இனி அம்மா பயன்படுத்தட்டும் என்று ஒரு மதியம் அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பிளக் சுவரில் இல்லை, மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்தது.

"அவர் போன அன்னிக்கே பிடுங்கிட்டேன். அப்புறம் யாரும் தொடல" என்றாள் அம்மா.

பிளக்கைச் சொருகினேன். இடமில்லாமல் கணினி திணறியது. பழைய அப்டேட்டுகளைக் கையால் அழித்தால் படுத்துவிடும், அதற்கென்று உள்ள துப்புரவு வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அழிக்கும் முன் அப்டேட்டுகளின் பதிவுப் பட்டியலைப் பார்த்தேன். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு வரி பதிவாகியிருந்தது: ‘பயனர் ஒத்திவைத்தார்.’ ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை. கடைசி வரி இன்று காலையுடையது.

எல்லாவற்றையும் அழித்தேன். ‘மறுதொடக்கம் இப்போதா, பிறகா?’ என்று திரை கேட்டது. மவுசிலிருந்து கையை எடுத்தேன். அம்பு தானாக, எழுத்துக் கூட்டிப் படிப்பவரின் நிதானத்தோடு நகர்ந்து ‘பிறகு’வை அமுக்கியது.

"அப்பா, நான் வந்துட்டேன்" என்றேன்.

கேள்வி மறுபடி வந்தது. அம்பு இம்முறை தயங்கவேயில்லை. நேராகப் போய் ‘பிறகு’வை அமுக்கியது.