பக்கத்து வயல் களை

களையெடுக்கும் பெண்களுக்குக் கூழ் கொண்டுவந்த மாதம்மாள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். தலையிலிருந்த சட்டி விழாததுதான் ஆச்சரியம். ஆறு பெண்களும் பச்சையப்பன் வயலில் குனிந்திருந்தார்கள். கூடவே அவள் கணவன் குப்புராஜும்.

"ஏங்க, இது உங்க அண்ணன் வயலுங்க! பாகம் பிரிச்சு ஆறு வருசமா நம்ம வூட்டு வாசப்படி மிதிக்காத மனுசனுக்கு நம்ம ஆளுங்க களையெடுக்கறதா?"

"கால் முறிஞ்சு சேலம் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. நட்டு இருபத்தஞ்சு நாளாச்சு. நெல்லை விடப் புல்லுதான் ஒசரமா நிக்குது, பாரு."

"ரேடியோவுல களை மருந்துன்னு ஏதோ சொல்றாங்களே, அத வாங்கி அடிச்சுக்கட்டும்."

"அது நட்ட மூணாம் நாளே போடணும். இனிமே கையாலதான் புடுங்கணும்."

"அதுக்கு நீங்கதான் கெடைச்சீங்களா? பாசம் பொத்துக்கிட்டு வருதோ?"

குப்புராஜ் நிமிரவில்லை.

"பாசமும் இல்ல, கீசமும் இல்ல. இந்தப் புல்லு பூத்து விதை கொட்டுச்சுன்னா, தண்ணியோட அடிச்சுக்கிட்டு நம்ம வயலுக்குத்தான் வரும். அடுத்த போகத்துல நாமதான் அவஸ்தைப்படணும். நம்ம நல்லதுக்குத்தான் செய்யறேன்."

மாதம்மாள் இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த மடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டியை வரப்பில் இறக்கிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"நம்ம நல்லதுக்குன்னா சரிங்க. ஒரு புல்லு விடாம புடுங்கிடலாம்."

மேட்டிலிருந்த அவர்கள் வயலின் தண்ணீர், எப்போதும்போல, பள்ளத்திலிருந்த பச்சையப்பன் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.