கோயில் இல்லாத வழி

சாப்பாட்டு மேசைக்கு மேற்கே நான், எதிரே என் மனைவி மரகதவல்லி, கதவோரம் மகள் தாமரை.

பிள்ளையார் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று என் காரே புகார் அனுப்பியதில் உரிமம் போய்விட்டது. தாமரைக்கு ஓட்டத் தெரியாது. மரகதத்தை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக மட்டும் அனுமதி கேட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். அனுமதி கிடைத்தாலும், இனி ஸ்டியரிங்கிலிருந்து கை எடுத்தால் கார் நடுவழியில் நின்றுவிடும்.

"கோயிலே இல்லாத வழியாப் போட்டுக் கேளுங்கப்பா," என்றாள் தாமரை.

"நம்ம ஊர்ல அப்படியொரு தெரு காட்டுடி," என்றாள் மரகதம். "கண்ணை மூடிட்டு ஓட்டுறேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்ணப்பத்தில் உடன் வருபவர் சம்மதம் கேட்ட இடத்தில் மரகதம் கையெழுத்திட்டாள். அதன் கீழே, 'இவருக்கும் சேர்த்து நானே கும்பிட்டுக்கொள்வேன்' என்று எழுதினாள். அதிகாரி என்ன நினைப்பாரோ என்று பயந்தேன். ஆனாலும் அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை. அப்படியே உறையிலிட்டு ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.