மாடி வீட்டுச் சாம்பியன்

"நீங்கதானே உளறிக் கொட்டினீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

நிம்மி போட்ட சத்தத்தில், ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் லூர்துராஜ் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"நம்ம சர்ச்சு பிலோமினம்மா மேல சத்தியமா நான் இல்ல. சும்மா என் மேல பழி போடாத."

"அப்ப கேட்டுக்கு வெளிய ஆறு வெள்ளைக்காரங்க எதுக்கு நிக்கறாங்க? எல்லாம் நீங்க தினமும் ஏத்திட்டுப் போற யோகா கிளாஸ் கூட்டம்தானே?"

லூர்துராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

மாடி அறையில் இருப்பவர் சோலான்ஜ். பிரான்ஸ் நாட்டின் பனிச்சறுக்கு சாம்பியன். பந்தயத்தை விட்டு முப்பது வருடமாகியும், அவர் ஊரில் ரொட்டி வாங்கப் போனால்கூடக் கூட்டம் சூழ்ந்துகொள்ளுமாம். 'நான் யாரென்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது' என்ற ஒரே நிபந்தனையோடுதான் மூன்று வாரம் முன்பு மைசூர் வந்தார். நிம்மியும் நெஞ்சில் சிலுவை போட்டு வாக்குக் கொடுத்திருந்தாள். வாடகைக்கு விட மாடியைக் கட்டி முடித்த பிறகு வந்த முதல் விருந்தாளி. ஆறு மாதம் இருப்பதாகச் சொன்னவர், இப்போது கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால்?

நிம்மி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

"சோலான்ஜ் இங்கேதானே இருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் ஒரு பெண். "யோகா ஸ்கூல் போர்டுல தாள் ஒட்டியிருந்தது. இந்த வீட்டு அட்ரஸோட."

"யாரோ விளையாடியிருக்காங்க. மேல இருக்கிறவங்க கணக்கு டீச்சர். ஐஸ் வாட்டர் குடிச்சாலே அவங்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும்."

அந்தப் பெண் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். "எங்க அப்பா சாகற வரைக்கும் இந்தப் படத்தைச் சுவத்துல மாட்டி வெச்சிருந்தார். ஒரே ஒரு தடவை பார்த்துக் கை குடுத்துட்டுப் போயிடறேன்."

நிம்மி மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஆனாலும் வாக்கு வாக்குதானே?

"மூக்கே வேற மாதிரி இருக்கும்மா. இவங்க இல்ல."

ஆறு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். லூர்துராஜ் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு அழுதுட்டே போறா நிம்மி. பாவம்."

"ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிக்கறேன். நீங்க பேசாதீங்க."

நிம்மி மாடிப்படி ஏறினாள். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. உதட்டுச் சாயம் பூசி, கழுத்தில் பதக்கத்தைத் தொங்கவிட்டு, கையில் ஒரு கட்டுப் புகைப்படங்களும் பேனாவுமாக நின்றார் சோலான்ஜ்.

"எங்கே அவங்க எல்லாம்?"

"துரத்தி விட்டுட்டேன் மேடம், நீங்க பயப்படாதீங்க. அந்தத் தாளை ஒட்டின பாவி மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

சோலான்ஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு வாரமா ஒரு ஆள்கூட என்னைத் திரும்பிப் பார்க்கல நிம்மி. தாங்க முடியாம நேத்து நானேதான் போய் ஒட்டிட்டு வந்தேன்!"